ஞானப்பல்லை எடுப்பதா விடுவதா, எடுத்தால் எங்கே, எப்போது: குமரி மாவட்டத்தாருக்கு ஓர் ஒப்பீடு

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் பல் மருத்துவமனைக்குப் பஞ்சமில்லை. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தக்கலையில் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி. இவை போதாதென்று களியக்காவிளையைத் தாண்டினால் திருவனந்தபுரம். ஆகவே வீட்டில் ஒருவருக்கு ஞானப்பல் வலி வந்தவுடன் எழும் முதல் கேள்வி "எங்கே போகலாம்?" என்பதாகவே இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் ஓர் இடம் சொல்வார், அத்தை வேறோர் இடம் சொல்வார். வலியோடு இருப்பவர் இரண்டுக்கும் நடுவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இடம் பற்றிய கேள்வியை மூன்றாவதாகத்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பல்லை எடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பது முதலில் தெரிய வேண்டும். எலும்புக்குள் அது எப்படிக் கிடக்கிறது என்பது அடுத்துத் தெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் விடை கிடைத்தால் இடம் பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும். அதற்குப் பிறகு நாள் குறிக்கும் வேலை. கடல், ரப்பர், வளைகுடா வேலை என்று நம் மாவட்டத்துப் பிழைப்புகளுக்கு ஒரு காலக்கணக்கு உண்டு. அந்தக் கணக்கைப் பார்க்காமல் வலித்த நாளிலேயே பல்லைப் பிடுங்கிவிட்டு மறுநாள் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எடுப்பதா, விடுவதா

ஞானப்பல் பெரும்பாலும் 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் முளைக்கிறது. தாடையில் இடம் இருந்தால் அது மற்றக் கடைவாய்ப் பற்களைப் போல நேராக வந்து நின்றுவிடும். சிலருக்கு நான்கில் ஒன்றிரண்டு முளைப்பதே இல்லை. நேராக முளைத்து, மேலும் கீழும் பொருந்தி, பல் துலக்கும் பிரஷ் எட்டும்படி இருக்கும் ஞானப்பல்லைத் தொட வேண்டிய தேவையே இல்லை.

தொந்தரவு தருவது பாதி முளைத்த பல். அதன் மேல் ஈறு ஒரு மடிப்பாகப் படர்ந்து கிடக்கும். அந்த மடிப்புக்குள் உணவுத் துணுக்கும் கிருமியும் தங்கி, ஈறு வீங்கி, வாயைத் திறக்க முடியாமல், விழுங்கும்போது காது வரை வலிக்கும். நம் ஊரில் "ஞானப்பல் வலி" என்று சொல்லி வருபவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது இந்த ஈறு அழற்சிதான். முதல் முறை வரும்போது பல் டாக்டர் அந்த மடிப்புக்குள் கழுவிச் சுத்தம் செய்து, வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளிக்கச் சொல்லி, காய்ச்சலோ கழுத்துப் பக்கம் பரவிய வீக்கமோ இருந்தால் மட்டும் ஆன்டிபயாட்டிக் தருவார். அதோடு அடங்கிவிடும் வாய்ப்பு நன்றாகவே உண்டு.

பிரிட்டனில் சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே இது பற்றித் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கக் கூடாது. ஈறு அழற்சி ஒரே முறை வந்தது என்றால், அது மிகக் கடுமையாக இருந்தாலொழிய எடுக்கத் தேவையில்லை. இரண்டாம் முறை வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். அமெரிக்க வாய் அறுவை நிபுணர்கள் இதைவிடச் சீக்கிரமாகவே எடுத்துவிடும் பக்கம் சாய்கிறார்கள். தொந்தரவே தராத புதைந்த பல்லை எடுப்பது நல்லதா விடுவது நல்லதா என்று தீர்மானிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் ஆய்வுக் குழு 2020-இல் எழுதியது. மருத்துவ உலகமே இன்னும் ஒரு பக்கமாக முடிவு செய்யாத விஷயத்தில், "எப்படியும் ஒரு நாள் வலிக்கத்தான் போகிறது, இப்போதே நான்கையும் எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எடுத்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. அடைக்க முடியாத அளவுக்குச் சொத்தையானது, வேரடியில் சீழ் வைத்தது, பல்லைச் சுற்றி நீர்க்கட்டி வளர்ந்தது ஆகியவற்றில் தள்ளிப்போட இடமில்லை. இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பக்கம் சாய்ந்த ஞானப்பல் பக்கத்துக் கடைவாய்ப்பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு, அந்த இடுக்கில் அந்த நல்ல பல்லையே சொத்தையாக்கிவிடும். வலி தெரியும்போது நாம் இழப்பது ஞானப்பல்லோடு, வாழ்நாள் முழுக்க மெல்ல உதவும் அடுத்த பல்லையும் சேர்த்துத்தான். படத்தில் இந்த இடுக்குச் சொத்தை தொடங்கியிருப்பது தெரிந்தால் எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

முன்பற்கள் கோணலாவதற்கு ஞானப்பல் தள்ளுவதுதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் எடுக்க வேண்டாம். பல் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் உண்மையில்லை. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு.

விடுவது என்று முடிவு செய்தால் அதை மறந்துவிடலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆண்டுக்கொரு முறையாவது பல் டாக்டரிடம் காட்ட வேண்டும், அவர் சொல்லும்போது படம் எடுத்துப் பார்க்க வேண்டும். வயதுக்கும் இதில் பங்கு உண்டு. இருபதுகளின் நடுவில் வேர் முழுதாக வளர்ந்துவிடும், எலும்பும் இறுகும். இருபதில் எடுப்பவருக்கு ஆறும் வேகம் நாற்பதில் எடுப்பவருக்கு இராது. அடிக்கடி வீங்கும் பல்லை "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று பத்து வருடம் இழுப்பவர்கள் கடினமான அறுவைக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள்.

மருந்துக்கடையும் கிராம்பும்

எடுப்பது, விடுவது என்ற இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வழியை நம்மில் பலர் வருடக்கணக்காகப் பின்பற்றுகிறோம். மருந்துக்கடைக்குப் போய் "பல்வலிக்கு மாத்திரை" என்று கேட்டு, ஆன்டிபயாட்டிக் இரண்டு நாளுக்கும் வலி மாத்திரை இரண்டு நாளுக்கும் வாங்கி விழுங்குவது. வலி அடங்கும், பல் அப்படியே கிடக்கும், சில மாதத்தில் மறுபடி வீங்கும். ஈறு மடிப்புக்குள் சிக்கிய அழுக்கை எந்த மாத்திரையாலும் வெளியே எடுக்க முடியாது. அரைகுறையாகச் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக்குகளால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறுவதுதான் மிச்சம். இந்த வழியை நான் முற்றாக எதிர்க்கிறேன்.

கிராம்பைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். மாறாமலை, கரும்பாறை மலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அதிலுள்ள யூஜினால் என்ற எண்ணெய்ப் பொருள் உண்மையாகவே நரம்பை மரக்கச் செய்யும். பல் டாக்டர்களின் மருந்துக்கட்டுகளிலும் அது இருக்கிறது. இரவு வலிக்கு ஒரு கிராம்பைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு காலையில் டாக்டரிடம் போவது நல்ல யோசனை. கிராம்பு எண்ணெயை நேராக ஈறில் ஊற்றிக்கொண்டால் தோல் வெந்துபோகும். தேங்காய் எண்ணெயில் ஒரு துளி கலந்து பஞ்சில் தொட்டு வைப்பதே போதும். வலியைத் தணிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். சாய்ந்த பல்லை நிமிர்த்த எந்த எண்ணெயாலும் எந்த வைத்தியத்தாலும் முடியாது.

பல் எப்படிக் கிடக்கிறது

இதற்கு ஒரே சாட்சி எக்ஸ்ரே படம். இரு தாடைகளையும் ஒரே வீச்சில் காட்டும் பெரிய படத்தை ஓபிஜி என்பார்கள். எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, வலியும் கிடையாது. இந்தப் படம் இல்லாமல் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுக்கச் சம்மதிக்காதீர்கள்.

மேல்தாடை ஞானப்பல் பொதுவாகச் சுலபம். எலும்பு மெத்தென்று இருக்கும். பல நேரம் சில நிமிடங்களில் கையில் வந்துவிடும். கீழ்த்தாடைப் பல்லின் கதை வேறு. முன்னோக்கிச் சாய்ந்தது, படுக்கையாகக் கிடப்பது, நேராக நின்றும் எலும்புக்குள் புதைந்தது, பின்னோக்கிச் சாய்ந்தது என்று பல விதம் உண்டு. முன்னோக்கிச் சாய்ந்ததுதான் அதிகம் காணப்படுவது. பின்னோக்கிச் சாய்ந்தது பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் எடுக்கும்போது மிகவும் சிரமப்படுத்தும்.

வேருக்கு அடியில் ஓடும் நரம்பையும் பார்க்க வேண்டும். கீழுதட்டுக்கும் தாடைக்கும் உணர்வு தரும் நரம்பு அங்கே ஓர் எலும்புக் குழாய்க்குள்தான் போகிறது. நாக்கு நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. அறுவையின்போது இவை நசுங்கினால் உதடோ நாக்கோ மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். நிரந்தரமாக மரத்துப்போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அந்த ஒருவராக நாம் இருந்துவிடக் கூடாது என்பதால், ஓபிஜி படத்தில் வேர் நரம்புக் குழாயைத் தொடுவது போலத் தெரிந்தால் சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் நெருக்கம் உறுதியானால், பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அப்படியே எலும்புக்குள் விட்டுவிடும் முறை ஒன்று இருக்கிறது. சொத்தையும் சீழும் இல்லாத பல்லுக்கே அது பொருந்தும். பிற்காலத்தில் அந்த வேர் மேலே நகர்ந்துவந்து இன்னொரு முறை எடுக்க வேண்டிவரலாம். நரம்பைக் காப்பாற்ற அந்த விலை கொடுக்கலாம் என்பது என் கருத்து.

எங்கே

நேராக முளைத்த பல், அல்லது மேல்தாடைப் பல் என்றால் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பல் மருத்துவமனையே போதும். பிடிஎஸ் என்ற பல் மருத்துவப் பட்டம் படித்த அனுபவமுள்ள டாக்டர் அதைத் தாராளமாகச் செய்வார். பக்கத்தில் இருப்பதன் அருமை எடுத்த பிறகுதான் தெரியும். இரவில் இரத்தம் கசிந்தாலோ மூன்றாம் நாள் வலி கூடினாலோ ஆட்டோவில் போய் இறங்கிவிடலாம்.

எலும்பைச் சீவி, பல்லைத் துண்டாக்கி எடுக்க வேண்டிய நிலை என்றால், வாய் மற்றும் முகத்தாடை அறுவையில் எம்டிஎஸ் என்ற மேற்படிப்பு படித்த நிபுணரிடம் போவது நல்லது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் உள்ள பல தனியார் மருத்துவமனைகளுக்கு இந்த நிபுணர்கள் குறிப்பிட்ட நாள்களில் வந்து அறுவை செய்துவிட்டுப் போகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. ஆனால் ஒன்றை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்: "டாக்டர், எனக்கு இடையில் ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்?" தையல் பிரிக்க அவரே வருவாரா, அவர் இல்லாத நாளில் மருந்துக்கட்டு வைக்க ஆள் உண்டா என்பது நிபுணரின் பெயரைவிட முக்கியம். செலவையும் பிரித்துக் கேளுங்கள். படம், அறுவை, மருந்து, தையல் பிரிப்பது, மறுபடி வந்து காட்டுவது ஆகியவற்றில் எவையெல்லாம் சொன்ன தொகைக்குள் அடங்கும் என்று கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை.

அரசு மருத்துவமனையை நம் ஆள்கள் தேவையில்லாமல் ஒதுக்குகிறார்கள் என்பது என் நெடுநாள் ஆதங்கம். ஆசாரிப்பள்ளத்தில் பல் பிரிவு இருக்கிறது, சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அதைவிடப் பெரிய அனுகூலம், ஒரே வளாகத்தில் இதயம், சர்க்கரை, மயக்க மருந்து என்று எல்லாத் துறை டாக்டர்களும் இருப்பது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், இதய வால்வு மாற்றியவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர் போன்றோருக்குப் பளபளப்பான சிறு மருத்துவமனையைவிட இது பாதுகாப்பானது. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும், அறுவைக்கு வேறொரு நாள் தருவார்கள், நாள் கூலிக்காரருக்கு அந்த இரண்டு மூன்று நாள் கூலி போகும். கணக்குப் பார்க்கும்போது அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குலசேகரத்தைப் போன்ற பல் மருத்துவக் கல்லூரி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தனியார் மருத்துவமனையைவிடக் கல்லூரிகளில் செலவு பொதுவாகக் குறைவு, படம் எடுக்கும் வசதியும் உள்ளேயே இருக்கும். மாணவர்கள் செய்வார்களே என்று பயப்படுகிறார்கள். கடினமான பல் என்றால் முதுநிலை மாணவர் செய்யப் பேராசிரியர் பக்கத்தில் நிற்பார். நாற்காலியில் உட்காரும் நேரம் கூடும், வாயை அதிக நேரம் திறந்து வைத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். ஒரு பல்லை ஒரு நாளில் எத்தனையோ பேர் கூடிப் பார்த்து விவாதிப்பது நோயாளிக்கு நல்லது என்றே நினைக்கிறேன். திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்தாருக்கு இதுதான் கைக்கெட்டும் தூரம். நீரோடியிலிருந்தோ ஆரல்வாய்மொழியிலிருந்தோ பஸ் மாறி மாறி வருபவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாளைத் தின்றுவிடும்.

திருவனந்தபுரம் போகும் வழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறிய ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணையும் வரை இந்த மண் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மண். பெரிய நோய் என்றால் வடக்கே வண்டி ஏறுவது தலைமுறைப் பழக்கம். அங்கே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பெரிய மருத்துவமனைகளும் உண்டு. பெரிய நீர்க்கட்டி, தாடை எலும்பு சம்பந்தப்பட்ட சிக்கல் என்று இங்குள்ள டாக்டரே அனுப்பினால் தயங்காமல் போங்கள். சாதாரணமாகச் சாய்ந்த ஒரு பல்லுக்காகப் போக வேண்டாம் என்பேன். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு, மரப்பு இறங்க இறங்க, அந்த நெரிசல் சாலையில் நாகர்கோவில் வரை குலுங்கிக்கொண்டு திரும்புவது பெரிய தண்டனை. வலி கூடினால் மறுபடியும் அதே பயணம்.

ஊசியா, மயக்கமா, ஒன்றா, நான்கா

ஞானப்பல் அறுவைக்குப் பெரும்பாலோருக்கு மரத்துப்போகும் ஊசியே போதும். லிக்னோகெய்ன் ஊசி போட்டால் வலி தெரியாது. அழுத்துவதும் இழுப்பதும் எலும்பைச் சீவும் சத்தமும் தெரியும். சுலபமான பல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும், புதைந்த பல்லுக்கு முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டே போங்கள், சர்க்கரை நோயாளிகள் கட்டாயம் சாப்பிட்டிருக்க வேண்டும். ஈறு வீங்கிச் சீழ் கோத்திருக்கும் நேரத்தில் இந்த ஊசி சரியாக வேலை செய்யாது. "வீக்கம் இறங்கட்டும், பிறகு வாருங்கள்" என்று டாக்டர் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். அதைக் கேட்டு எரிச்சலடைந்து, அன்றே பிடுங்கித் தரும் வேறு இடத்தைத் தேடி அலையாதீர்கள்.

முழு மயக்கம் என்றால் வசதியுள்ள மருத்துவமனை வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும், இரத்தப் பரிசோதனைகள் வேண்டும், ஆறு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும். செலவு பல மடங்காகும். நான்கு பல்லும் ஆழப் புதைந்தவர்கள், வாயே திறக்க முடியாதவர்கள், பல் நாற்காலியைக் கண்டாலே நடுங்குபவர்கள் ஆகியோருக்கு இது தகும். மற்றவர்களுக்கு இந்தச் செலவும் மயக்கத்துக்கே உரிய ஆபத்தும் தேவையற்றவை.

நான்கையும் ஒரே நாளில் எடுத்தால் ஒரே விடுப்பு, ஒரே வேதனை, ஒரே மருந்து. ஆனால் மெல்ல ஒரு பக்கமும் மிச்சமிருக்காது. எனக்குப் பிடித்த வழி, வலது பக்கம் மேலும் கீழும் ஒரு நாள், அது முழுதாக ஆறியபின் இடது பக்கம் ஒரு நாள். சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் எப்போதும் இருக்கும். முதல் முறை உடம்பு எப்படித் தாங்கியது என்று தெரிந்துகொண்டு இரண்டாம் முறைக்குத் தயாராகலாம். ஒரு மாத விடுப்பில் வளைகுடாவிலிருந்து வந்தவருக்கு மட்டும் இதில் விதிவிலக்கு தரலாம்.

எப்போது

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருபவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். வளைகுடாவில் பல் சிகிச்சைக்கு ஆகும் செலவை நினைத்து, ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வலியைச் சகித்திருப்பார்கள். வந்தபின் கல்யாண வீடு, பால்காய்ப்பு, உறவினர் வீடு என்று நாள் ஓடிவிடும். விமானம் ஏற ஐந்து நாள் இருக்கும்போது பல் டாக்டர் நினைவு வரும். அது மிக மோசமான நேரம். சிக்கல் வந்தால் பெரும்பாலும் வருவது பல் எடுத்த முதல் வாரத்தில்தான். அந்த வாரத்தில் எடுத்த டாக்டரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வந்த முதல் வாரத்திலேயே படம் எடுத்து, இரண்டாம் வாரத்துக்குள் அறுவையை முடித்துவிடுங்கள்.

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்களின் நிலை இன்னும் கடினம். ஒரு முறை போனால் கரை திரும்பப் பல வாரம். நடுக்கடலில் ஞானப்பல் வீங்கினால் உப்புநீரும் வலி மாத்திரையும் தவிர வேறு துணை இல்லை. ஆகவே நைஸ் சொன்ன விதியை இவர்களுக்கு நான் கொஞ்சம் தளர்த்துவேன். ஒரே முறை கடுமையாக வீங்கியிருந்தாலும், பல் பாதி முளைத்துச் சாய்ந்திருந்தால், டாக்டரிடம் தொழிலைச் சொல்லி எடுப்பது பற்றிப் பேசுங்கள். அதற்கென்றே அமைந்தது போல மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது: மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, சின்னமுட்டத்தை உள்ளிட்ட கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ரப்பர் பால்வெட்டும் தொழிலாளிகளுக்கு இலையுதிரும் மாதங்களில் வெட்டு நிற்கும்போது இதே வசதி கிடைக்கும். மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் தொடாமலிருப்பதே நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள் பிரசவம் வரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்கலாம், முடியாவிட்டால் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலம் ஏற்றது.

எடுத்த பிறகு

வைத்த பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருக்க வேண்டும். அந்தக் குழியில் உறையும் இரத்தக்கட்டிதான் காயத்துக்கு மூடி. முதல் நாள் முழுக்க அதைக் காப்பாற்றுவதே நம் வேலை: துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது, எதையும் உறிஞ்சக் கூடாது. இளநீர் குடிக்கலாம், ஸ்ட்ரா போடாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். எச்சிலில் இளஞ்சிவப்பாகக் கலந்து வருவது மறுநாள் வரை இருக்கும், பயப்பட வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கன்னத்தில் இருபது நிமிடம் வைத்து இருபது நிமிடம் எடுங்கள். இரவில் தலையணையைச் சற்று உயர்த்திப் படுங்கள்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். எடுத்த அன்று முகம் நன்றாக இருக்கிறதே என்று மறுநாள் வேலைக்குப் போக ஒத்துக்கொள்பவர்கள் இதை அறியாதவர்கள். ஒரு வாரத்தில் வற்றிவிடும். வாய் முழுதாகத் திறக்க இன்னும் சில நாள் கூடுதலாக ஆகலாம். ஒரு நாள் கழிந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, சாப்பாட்டுக்குப் பின் மெதுவாக வாயில் அலசி வழியவிடுங்கள். தையல் கரையும் நூல் என்றால் தானே போகும், பட்டு நூல் என்றால் ஒரு வாரத்தில் பிரிப்பார்கள். மேல்தாடைப் பல் எடுத்தவர்கள் இரண்டு வாரம் மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, தும்மலை அடக்கக் கூடாது. அந்த வேருக்கும் மூக்கை ஒட்டிய காற்றறைக்கும் நடுவில் சில நேரம் மெல்லிய எலும்புதான் இருக்கும்.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் குறைவில்லை. ஆறிய கஞ்சி, பிசைந்த மட்டிப்பழம், தயிர்ச்சோறு, நுங்கு ஆகியவை முதல் இரண்டு மூன்று நாளுக்குப் போதும். பிறகு நன்றாக வேகவைத்து மசித்த மரச்சீனிக் கிழங்கைத் தேங்காய்ப்பால் விட்டுச் சாப்பிடலாம். மீன் வேண்டும் என்றால் நெய்மீன் போல முள் குறைந்த மீனை மிளகாய் குறைத்து அவித்துத் தாருங்கள். சாளையும் நெத்திலியும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும், முள் காயத்தில் குத்திக்கொள்ளும். கஞ்சிக்குத் தொடுகறியான சிறுபயறின் தோல் குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நேந்திரங்காய் சிப்ஸ், முறுக்கு, முந்திரிக்கொத்து எல்லாம் இரண்டு வாரத்துக்குப் பிறகு.

வலிக்கு ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் சேர்ந்து தருவது தனித்தனியே தருவதைவிட நன்றாக வேலை செய்கிறது. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஐபுபுரூஃபனைத் தவிர்க்க வேண்டும் என்பதால் அளவையும் சேர்க்கையையும் டாக்டர் எழுதித் தரட்டும். இதயத்துக்குச் சாப்பிடும் ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளைப் பல் எடுப்பதற்காக நீங்களாக நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கும் அம்மாமார் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த மருந்துகளில் சில தாடை எலும்பு ஆறுவதைத் தடுக்கும்.

எல்லாம் தணிந்துவரும் நேரத்தில், மூன்றாம் நாளை ஒட்டி, வலி திடீரெனக் கூடிக் காதுப் பக்கம் தெறித்து, வாயில் துர்நாற்றம் வந்தால் அது டிரை சாக்கெட். இரத்தக்கட்டி போய் எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். கீழ்த்தாடை ஞானப்பல்லில் இது மற்றப் பற்களைவிட அதிகம் வருகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல். புகையை ஒரு வாரமாவது விட்டுவிடுங்கள், வெற்றிலையும் புகையிலையும் அப்படியே. வந்துவிட்டால் வீட்டில் மாத்திரையைக் கூட்டிக் கூட்டிச் சாப்பிட வேண்டாம். டாக்டர் குழியைக் கழுவி மருந்துக்கட்டு வைத்தால் பெரும்பாலும் அன்றே வலி குறையும். அந்தக் கட்டில் மணப்பது பெரும்பாலும் கிராம்பின் யூஜினால்தான்.

மூன்று நாள் கழித்தும் வீக்கம் கூடிக்கொண்டே போவது, காய்ச்சல், அழுத்திக் கடித்தும் நிற்காத இரத்தம் ஆகியவற்றுக்கு எடுத்த டாக்டரிடம் அன்றே போக வேண்டும். நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் இறங்கி, எச்சில் விழுங்க முடியாமலோ மூச்சுவிடச் சிரமமாகவோ இருந்தால் பல் மருத்துவமனை திறக்கக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அவசரப் பிரிவுக்கோ, பக்கத்தில் அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கோ உடனே போய்விட வேண்டும். படத்தையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.